கட்டில் கம்பியில் ஒரு துணிக்கீற்று: பெரியவர்களைக் கட்டிப்போடும் பழக்கத்தைப் பற்றி

படுக்கையாகிவிட்ட ஒரு பெரியவரைப் பார்க்கப் போனால் நாம் அவர் முகத்தைப் பார்ப்போம், பிறகு மருந்துச் சீட்டைப் புரட்டுவோம். இந்த வேலையில் பழகியவர்களின் கண் கட்டிலின் பக்கவாட்டுக் கம்பிக்குத்தான் முதலில் போகும். பழைய வேட்டியிலிருந்தோ காட்டன் புடவையிலிருந்தோ கிழித்த, இரண்டு விரல் அகலத் துணிக்கீற்று அதில் தொங்குகிறதா என்று. கம்பிப் பக்கத்து முடிச்சு கல் மாதிரி இறுகியிருக்கும். அதை யாரும் அவிழ்ப்பதே இல்லை. மறுமுனையில் இருக்கும் வளையம் மட்டும் தளர்ந்து, அழுக்கேறி, வழவழப்பாகியிருக்கும். ஒருநாள் அவசரத்துக்குக் கட்டிய துணி இப்படி ஆகாது. தினமும் ராத்திரி ஒரு கை அதற்குள் போய்க் காலையில் வெளியே வருகிறது.

கேட்டால் பதில் தயாராக இருக்கும். "மூக்கு டியூபைப் பிடுங்கிடுறாருங்க." "எழுந்திரிச்சு விழுந்துட்டா யாரு பதில் சொல்றது?" இரண்டும் பொய் இல்லை. ஆனால் அவர் ஏன் பிடுங்குகிறார், ஏன் எழுகிறார் என்று அந்த வீட்டில் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். கட்டிய பிறகு கேட்கவேண்டிய அவசியமும் இல்லாமல் போய்விடுகிறது. கட்டுவதில் உள்ள பெரிய கெடுதல் இதுதான் என்பேன். புண்ணும் வீக்கமும் அதற்கு அடுத்தபடிதான்.

கட்டுவது என்றால் கயிறும் துணியும் மட்டும் இல்லை. அவரால் தானே எளிதில் நீக்க முடியாத எதுவும், அவர் அசைவைத் தடுத்தால், அது கட்டுதான். சக்கர நாற்காலியில் இடுப்பைச் சுற்றிப் போட்ட லுங்கி, எதிரே பூட்டிய சாப்பாட்டுத் தட்டு, இரண்டு பக்கமும் ஏற்றிவிட்ட கட்டில் கம்பி, மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகிய போர்வை, எழவே முடியாத அளவுக்குத் தாழ்ந்த சோபா, வெளியே தாழ்ப்பாள் போட்ட அறை எல்லாம் இதில் அடங்கும். கைத்தடியை எட்டாத மூலையில் வைப்பதும், மூக்குக் கண்ணாடியை எடுத்து அலமாரியில் பூட்டுவதும் கூடத்தான். தூக்க மாத்திரையும் கட்டுதான், அதற்குப் பின்னால் வருகிறேன். ஒரே பொருள் ஒருவருக்குக் கட்டாகவும் இன்னொருவருக்கு உதவியாகவும் இருக்கும். சொந்தமாகப் புரள முடியாதவருக்குக் கட்டில் கம்பி சிறை இல்லை. அதைப் பிடித்துத் திரும்புகிறவருக்கு அது கைப்பிடி. நடக்கக்கூடிய, ஆனால் குழம்பியிருக்கும் ஒருவருக்கு அதே கம்பி ஏறிக் குதிக்கவேண்டிய சுவர்.

கட்டினால் விழமாட்டார் என்ற நம்பிக்கை

குழம்பியிருப்பவர் கம்பியைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வதில்லை. அதன்மேல் ஏறுகிறார். கம்பி இல்லாமல் விழுந்திருந்தால் கட்டில் உயரத்திலிருந்து இடுப்பு அடிபட விழுந்திருப்பார். இப்போது அதற்கும் மேலே ஒன்றரை அடி உயரத்திலிருந்து தலைகுப்புற விழுகிறார். இன்னொரு விபத்து இதைவிட மோசம். கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவே உடம்பு நழுவி, தலையோ கழுத்தோ மாட்டிக்கொள்வது. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2006-ல் வெளியிட்ட வழிகாட்டியில், தலை நுழையக்கூடிய இடைவெளி எதுவும் 12 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்கிறது. ஏறக்குறைய உரித்த பெரிய தேங்காயின் குறுக்களவு. வாடகைக்கு எடுத்த மருத்துவமனைக் கட்டிலில் வீட்டு மெத்தையைப் போடும்போது இந்த இடைவெளி தானாக உருவாகும். கட்டிலைவிட மெத்தை குறுகலாக இருக்கும், அல்லது ஸ்பாஞ்ச் ஓரத்தில் அமுங்கும். ஓரத்தைக் கையால் அழுத்தி, தேங்காயை வைத்துப் பாருங்கள். உள்ளே போனால் அந்தக் கம்பியைப் பயன்படுத்தாதீர்கள். தலையணையைச் செருகி அடைப்பது தீர்வில்லை, ராத்திரியில் அது கீழே விழுந்துவிடும்.

இடுப்பில் கட்டும் பெல்ட்டும், நெஞ்சுக்குக் குறுக்கே கட்டும் பெட்ஷீட்டும் கைக்கட்டைவிட ஆபத்தானவை. ஆள் மெல்லக் கால்பக்கமாக நழுவுவார், துணி அப்படியே இருக்கும். இடுப்பில் இருந்தது நெஞ்சுக்கும், நெஞ்சில் இருந்தது கழுத்துக்கும் வந்துசேரும். குரல் எழுப்ப மூச்சு இருக்காது. உள்ளே இருப்பவர்கள் தூங்கிவிட்டார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் கட்டுவது அன்றாட வழக்கமாக இருந்தது. 1987-ல் கொண்டுவந்த சட்டம், தண்டனைக்காகவும் ஊழியர் வசதிக்காகவும் கட்டக்கூடாது என்றது. அதன்பிறகு கட்டுவது வெகுவாகக் குறைந்தது. எல்லாரும் விழுந்து எலும்பை முறித்துக்கொள்வார்கள் என்ற பயம் பலிக்கவில்லை. கட்டைக் குறைத்த இல்லங்களில் பலத்த காயங்கள் பெருகவில்லை. காரணம் எளிது. கட்டிவைத்த கால் வலுவிழக்கிறது. ஆரோக்கியமான பெரியவர்களையே 10 நாள் படுக்கையில் வைத்தால் காலில் மட்டும் ஒரு கிலோவுக்குப் பக்கம் தசை கரைகிறது. அவிழ்த்த அன்று அவர் விழுவது கட்டியிருந்ததால்தான். "பார்த்தீங்களா, அவுத்ததும் விழுந்துட்டாரு" என்று திரும்பவும் கட்டுவார்கள்.

மூன்று நாள் குறிப்பேடு

அவிழ்ப்பதற்கு முன்னால் ஒரு நோட்டு வாங்குங்கள். நான்கு பத்திகள் போதும்: மணி, என்ன செய்தார், அதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது, எப்படி அடங்கியது. மூன்று நாள், இரவு பகல் இரண்டும். "தொந்தரவு செய்தார்" என்று எழுதக்கூடாது. "2.10, இடது காலைக் கம்பிமேல் போட்டார், லுங்கியைப் பிடித்து இழுத்தார்" என்று எழுதவேண்டும். இப்படி எழுதினால் மூன்றாம் நாளே காரணம் கண்ணில் படும். லுங்கியை இழுப்பவருக்குச் சிறுநீர் முட்டுகிறது. படுக்கையிலிருந்து எழும் முயற்சிகளில் பெரும்பாலானவை கழிவறைக்குத்தான். டயப்பர் போட்டிருக்கிறதே, அதிலேயே போகட்டும் என்று நாம் நினைப்போம். எழுபது வருஷமாகப் படுக்கையை நனைக்காத மனிதரின் உடம்பு அதற்குச் சம்மதிக்காது.

இதற்கு மருந்து, கேட்பதற்கு முன்னால் கூட்டிப்போவது. பகலில் இரண்டு மணிக்கொரு தரம், படுக்கும் முன் ஒரு தரம், குறிப்பேட்டில் அவர் எழும் நேரத்துக்கு 20 நிமிஷம் முன்பு ஒரு தரம். கமோடு நாற்காலி கட்டிலை ஒட்டி, அவருடைய பலமான கைப்பக்கம் இருக்கட்டும். ராத்திரி டயப்பர் மிச்சமாகும் என்று சாயங்காலம் 5 மணிக்குமேல் தண்ணீரே கொடுக்காத வீடுகளும் இல்லங்களும் நிறைய. இதைச் சிக்கனம் என்று சொல்லக்கூடாது, இது புறக்கணிப்பு. தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல், மலச்சிக்கலால் சிறுநீர் அடைப்பு, அடைப்பால் தொற்று, தொற்றால் குழப்பம், குழப்பத்தால் கட்டு. நாள் முழுக்கவும் கொடுங்கள். அளவைக் குறைக்காமல் பெரும்பகுதியைப் பகலுக்குத் தள்ளிவிட்டால் போதும். இதய, சிறுநீரக நோய்க்காக டாக்டர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுக்குள் இதைச் செய்யலாம்.

நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இரண்டே நாளில் குழம்பி, ஆளைப் பிடித்துத் தள்ளுகிறார் என்றால் அதை வயசு என்று விடாதீர்கள். அதற்கு டெலிரியம் என்று பெயர். உடம்பில் எங்கோ கோளாறு. சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச் சளி, சோடியம் குறைவு, சர்க்கரை தாழ்வு, நாலு நாளாகப் போகாத மலம், நிறைந்து வெளியேறாத சிறுநீர்ப்பை, சொல்லத் தெரியாத வலி, புதிதாகச் சேர்த்த மாத்திரை. இரத்தத்தில் சோடியம் 135 முதல் 145 வரை இருக்கவேண்டும். பிரஷருக்காக நீர்மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது சத்தமில்லாமல் இறங்கும், 125-க்குக் கீழே போனால் ஆள் மாறிவிடுவார். அந்த நேரத்தில் கையைக் கட்டிப் படுக்கவைத்தால் நோய் உள்ளேயே முற்றும். மருத்துவமனையில் சேர்த்த இரண்டாம் மூன்றாம் நாளில் நடுங்கி, வியர்த்து, இல்லாததைப் பார்த்துப் பேசினால் குடிப்பழக்கத்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள். "எங்க அப்பா எப்பவாவதுதான்" என்று மரியாதைக்காக மறைப்பதால் சரியான சிகிச்சை கிடைக்காமல் கட்டுதான் கிடைக்கிறது.

சாயங்காலம் ஆனதும் "வீட்டுக்குப் போகணும்" என்று சொந்த வீட்டுக்குள்ளேயே நின்று கேட்கும் மறதிநோயாளிகள் வேறு ரகம். இதுதான் உங்க வீடு என்று வாதம் செய்தால் அடுத்தது கைகலப்பு. செருப்பைப் போட்டுத் தெருக்கோடிவரை கூட்டிப்போய்த் திரும்பி வந்தால், பல நாளில் வீட்டுக்கு வந்துவிட்டதாக அவரே சொல்வார். சட்டைப்பையில் பெயரும் போன் நம்பரும் எழுதிய அட்டை ஒன்று இருக்கட்டும். நாற்பது வருஷம் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து டீக்கடை திறந்தவர் 4 மணிக்கு எழத்தான் செய்வார். அந்த நேரத்துக்கு ஒருவர் எழுந்து ஒரு டம்ளர் காபி போட்டுக் கொடுப்பது, கட்டுவதைவிடக் குறைந்த வேலை.

கட்டில் உயரம்

நம் ஊரில் பாயில் படுத்தே வளர்ந்தவர்களை, வயதான பிறகு மூன்றடி உயர இரும்புக் கட்டிலில் ஏற்றுகிறோம். நடக்கவே முடியாமல், உருண்டு மட்டும் விழுகிறவருக்குத் தரையில் 10 சென்டிமீட்டர் மெத்தை போதும். விழ உயரமே இல்லை. ஆனால் நடக்க முடிந்து, மூட்டுவலியும் உள்ளவரைத் தரையில் படுக்கவைத்தால் அவரால் எழ முடியாது. அவருக்கு அந்த மெத்தையே கட்டாகிவிடும். அவருக்குக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் முழுதாகத் தரையில் பதிந்து, முழங்கால் செங்கோணத்தில் மடங்கும் உயரம் வேண்டும். பெரும்பாலோருக்கு 40 முதல் 45 சென்டிமீட்டர். சக்கரம் இருந்தால் பூட்டுங்கள். கழிவறை வரைக்கும் தரையை ஒட்டி ஒரு சின்ன விளக்கு. வேட்டியோ நைட்டியோ கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். குதிகாலில் பட்டை இல்லாத ரப்பர் செருப்பைத் தூக்கி எறியுங்கள்.

டியூபைப் பிடுங்குகிறார்

மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு கொண்டுபோகும் ரைல்ஸ் டியூப்தான் வீடுகளில் கை கட்டப்படுவதற்கு முதல் காரணம். கட்டுவதற்கு முன்னால் மூக்கு ஓரத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். டியூபை மேல்நோக்கி இழுத்து ஒட்டியிருந்தால் மூக்குத் துளையின் விளிம்பு அழுந்திப் புண்ணாகியிருக்கும். பிளாஸ்டரின் ஓரம் அரிக்கும். வாய் காய்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். நமக்கு இருந்தாலும் பிடுங்கத்தான் செய்வோம். வாயை நாலு மணிக்கொரு தரம் ஈரத்துணியால் துடைத்து, பிளாஸ்டரை அன்றாடம் இடம் மாற்றி ஒட்டி, மிச்ச நீளத்தைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சட்டைக்குள் முதுகுப்பக்கம் விடுங்கள். கண்ணில் படாத டியூபைக் கை தேடுவது குறைவு. டிரிப்ஸ் ஊசி உள்ள கைக்கு முழுக்கைச் சட்டை. கைக்கு வேலை கொடுங்கள்: மடிக்க ஒரு துண்டு, ஜெபமாலை, பூத்தொடுத்துப் பழகிய அம்மாவுக்கு வாழைநார். கையில் சாக்ஸ் மாட்டி மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போடுவது மட்டும் வேண்டாம், விரல் நீலமாவது வெளியே தெரியாது.

இதற்கெல்லாம் முன்னால் கேட்கவேண்டிய கேள்வி, அந்த டியூப் இன்னும் வேண்டுமா என்பது. மறதிநோய் முற்றிய நிலையில் டியூப் வழி உணவு ஆயுளை நீட்டுவதும் இல்லை, புரையேறி நுரையீரலுக்குள் போவதைத் தடுப்பதும் இல்லை. பொறுமையாக, நிமிர்த்தி உட்காரவைத்து, சின்ன ஸ்பூனில் ஊட்டுவதையே முதியோர் மருத்துவர்கள் விரும்புகிறார்கள். அரை மணி முதல் முக்கால் மணி நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை மிச்சப்படுத்தத்தான் பல இடங்களில் டியூப் தொடர்கிறது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. யூரின் டியூபும் அப்படித்தான். போட்ட காரணம் முடிந்த பிறகும் எடுக்க மறந்துவிடுகிறார்கள். ஐசியூவில் இருந்தால் தினமும் காலை ரவுண்ட்ஸில், "டாக்டர், இன்னைக்கு எந்த டியூபை எடுக்கலாம்?" என்று கேளுங்கள். கண்ணாடி, காதுக்கருவி, பல்செட் மூன்றையும் உள்ளே அனுப்புங்கள். காதும் கேட்காமல் கண்ணும் தெரியாமல், யார் யாரோ கையைப் பிடித்துக் குத்துகிற இடத்தில் யாரும் திமிறத்தான் செய்வார்கள்.

மாத்திரையால் கட்டுவது

துணிக்கட்டு கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. பகல் 11 மணிக்கும் சாப்பாட்டை வாயில் வைத்தபடி தூங்குகிறார், எச்சில் வழிகிறது, கை கால் விறைத்திருக்கிறது, நடை தேய்கிறது என்றால் மருந்துப்பெட்டியைத் திறங்கள். ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஒலான்சபின், க்வெட்டியாபின் போன்ற மனநோய் மருந்துகளை மறதிநோய் உள்ள முதியவர்களுக்குக் கொடுப்பது மரண அபாயத்தை ஏறத்தாழ 1.6 முதல் 1.7 மடங்கு கூட்டுகிறது. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2005-ல் புதிய தலைமுறை மருந்துகளுக்கும் 2008-ல் பழையவற்றுக்கும் இதைக் கட்டம் கட்டிய எச்சரிக்கையாகப் போடவைத்தது. லூயி பாடி வகை மறதிநோய் உள்ளவர்களுக்கு ஹாலோபெரிடால் ஒரு சின்ன டோஸே உடம்பை மரக்கட்டையாக்கிவிடும். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் க்ளோனாசிபாம், அல்பிரசோலாம் விழவைக்கும், குழப்பத்தைக் கூட்டும். இன்னொரு ரகம் யாருக்கும் சந்தேகம் வராதது: ப்ராமெத்தசின், குளோர்பெனிரமின் கலந்த சளி சிரப். "நல்லா தூங்கட்டும்னு ரெண்டு மூடி கொடுத்தேன்" என்பார்கள். வயதானவர்களுக்கு இவை சிறுநீரை அடைத்து, மலத்தை இறுக்கி, டெலிரியத்தையே வரவழைக்கும்.

எண்ணிப் பார்ப்பது சுலபம். ராத்திரி அரை மாத்திரை என்றால் மாதத்துக்கு 15, அதாவது ஒன்றரை ஸ்ட்ரிப். மூன்று ஸ்ட்ரிப் காலியாகியிருந்தால் மிச்சம் எங்கே போனது என்று கேளுங்கள். சீட்டில் இல்லாத ஸ்ட்ரிப் இருந்தால் யார் சொல்லி, என்றைக்கு ஆரம்பித்தது என்று கேளுங்கள். ஆத்திரத்தில் எல்லாவற்றையும் அன்றே நிறுத்திவிடக்கூடாது. மாதக்கணக்கில் க்ளோனாசிபாம் சாப்பிட்டவருக்கு ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம். டாக்டர் மெல்ல மெல்லத்தான் குறைக்கவேண்டும்.

கட்டியே ஆகவேண்டும் என்றால்

அப்படி ஒரு நேரம் வருவது உண்டு. வென்டிலேட்டர் டியூபை இழுக்கிறவர், தன்னையோ பக்கத்தில் இருப்பவரையோ இந்த நிமிஷமே காயப்படுத்துகிறவர். அப்போதும் கட்டப்பட்டவர்களும் டியூபை இழுத்துவிடுகிறார்கள் என்பதை மறக்கவேண்டாம். மருத்துவமனையில், டாக்டர் உத்தரவோடு, எழுத்தில், எப்போது அவிழ்ப்பது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் கட்டவேண்டும். பஞ்சு வைத்த அகலமான பட்டை. காஸ் பேண்டேஜ் கூடாது, இழுக்க இழுக்க இறுகும். டிரிப்ஸ் போகும் கை வீங்கும்போது மணிக்கட்டில் அறுக்கும். நரம்பு நசுங்கிக் கை தொங்கிப்போனவர்கள் உண்டு. பட்டைக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையவேண்டும். ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு. கட்டவேண்டியது கட்டிலோடு சேர்ந்து அசையும் சட்டத்தில். பக்கக் கம்பியில் கட்டினால், யாராவது கம்பியை இறக்கும்போது தோள் பிசகும். தலைப்பக்கம் 30 டிகிரி உயர்ந்திருக்கட்டும், மல்லாந்த நிலையில் கட்டப்பட்டவர் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குத்தான் போகும். குப்புறப் படுக்கவைத்து எந்தக் காரணத்துக்கும் கட்டக்கூடாது.

கட்டிய 15 நிமிஷத்தில் முதல் பார்வை: விரல் நகத்தை அழுத்திவிட்டால் இரண்டு விநாடிக்குள் ரத்தம் திரும்பவேண்டும். இரண்டு மணிக்கொரு தரம் அவிழ்த்து, கையை மடக்கி நீட்டி, தண்ணீர் கொடுத்து, கழிவறை கேட்டு, புரட்டிப் படுக்கவைத்து, "இன்னும் வேண்டுமா" என்று புதிதாக முடிவெடுக்கவேண்டும். தனியாக விட்டுவிட்டுப் போகக்கூடாது. வீட்டில் இவ்வளவும் நடக்காது. அதனால்தான் வீட்டில் கட்டவே கூடாது என்கிறோம்.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலம் குன்றியவர்களை வைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தது. கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். கட்டப்பட்டவரால் நெருப்பிலிருந்து ஓட முடியாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை எந்த வடிவத்திலும் தடை செய்கிறது. அதன் 97-ஆம் பிரிவு உடல்ரீதியான கட்டு பற்றியது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவைக்குமேல் ஒரு நிமிஷமும் நீடிக்காமல். தண்டனையாகக் கூடாது. ஆள் பற்றாக்குறை என்ற காரணத்துக்காகவும் கூடாது. முறை, காரணம், நேரம் எல்லாம் பதிவாகவேண்டும், நோயாளியின் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும். மனநல நிலையங்களுக்காக எழுதியது என்றாலும், எந்த முதியோர் இல்லத்திலும் நிர்வாகியிடம் கேட்பதற்குரிய கேள்விகள் இவை. "ஆள் பத்தலைங்க" என்ற பதில் வந்தால் அந்த இல்லத்தைப் பற்றிக் கிட்டத்தட்ட எல்லாம் தெரிந்துவிடும். பூட்டிய அறை இருந்தால் ஒன்று கூடுதலாகக் கேளுங்கள்: ராத்திரி சாவி யாரிடம், அவர் எங்கே படுக்கிறார்?

என்ன பார்ப்பது, எப்போது போவது

ஞாயிற்றுக்கிழமை 11 மணிக்குப் போனால் குளிப்பாட்டிப் பவுடர் போட்ட அப்பாவைத்தான் பார்ப்பீர்கள். காலை 6.30, இரவு 9, சாப்பாட்டு நேரம் ஆகியவை நல்ல நேரங்கள். இரண்டு மணிக்கட்டையும் திருப்பிப் பாருங்கள். வளையம் போன்ற தடம், இரு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் கட்டு. மேல்கையில் மூன்று நாலு நீள்வட்ட ரத்தக்கட்டுக் கறைகள், எதிர்ப்பக்கம் ஒன்று என்றால் யாரோ இறுக்கிப் பிடித்த கை. முகத்திலும் முதுகிலும் இருக்கும் கறை, 5 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கறை, இவை விசாரிக்கவேண்டியவை. அதே சமயம் ஈகோஸ்பிரின், க்ளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் புறங்கையிலும் முன்கையிலும் சும்மா இடித்தாலே கருஞ்சிவப்புத் திட்டு வரும். இது தெரியாமல் நல்ல அட்டெண்டர் ஒருவரைத் திருடனைப்போல நடத்திவிடாதீர்கள். கறையின் நிறத்தை வைத்து இத்தனை நாள் என்று கணக்கிடவும் முடியாது. குதிகால், வாலெலும்பு இரண்டிலும் துணியை விலக்கிப் பாருங்கள், படுக்கைப்புண் அங்குதான் தொடங்கும். அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு அதன் முதல் நிலை.

அவரிடம் தனியாகப் பேசுங்கள். "யாராவது அடிக்கிறாங்களாப்பா?" என்றால் இல்லை என்றுதான் வரும், ராத்திரி அவரோடு இருக்கப்போவது நீங்கள் இல்லையே. "ராத்திரி பாத்ரூம் வந்தா யாரைக் கூப்பிடுவீங்க? உடனே வருவாங்களா? கையை நல்லா நீட்டிப் படுக்க முடியுதா?" என்று கேளுங்கள். பேச முடியாதவராக இருந்தால், அட்டெண்டர் அறைக்குள் வரும் நேரத்தில் அவர் கண்ணைப் பாருங்கள்.

அட்டெண்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். 24 மணி நேர டூட்டி என்று ஒரு பெண்ணை மாதக்கணக்கில் வைக்கிறோம். பெரியவர் ராத்திரி நாலு தரம் எழுந்தால் அந்த அம்மாவுக்குத் தொடர்ந்து இரண்டு மணி நேரத் தூக்கம் கிடையாது. பகலில் சமையலும் துணியும் அவர் தலையில்தான். பத்தாம் நாள் ராத்திரி அவர் கட்டத்தான் செய்வார், கட்டாவிட்டால்தான் ஆச்சரியம். 12 மணி நேரமாகப் பிரிக்க வசதி இல்லையென்றால் வீட்டில் ஒருவர் இரவு 10 முதல் 2 வரை எடுத்துக்கொள்ளுங்கள், வாரத்தில் ஒருநாள் விடுப்புக் கொடுங்கள். டயப்பரை நாளுக்கு இரண்டு என்று எண்ணிக் கொடுக்காதீர்கள். "அவர் விழுந்தால் உங்களைக் குற்றம் சொல்லமாட்டோம், கட்டினால்தான் சொல்வோம்" என்று முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். கேமரா வைத்தால் சொல்லிவிட்டு வையுங்கள், குளியல், உடைமாற்றும் பக்கம் திருப்பாதீர்கள். மாத்திரை எண்ணிக்கை கேமராவில் தெரியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

காயம் இருந்தால்

பேசுவதற்கு முன் படம். தூரத்திலிருந்து ஒன்று, பக்கத்தில் ஒன்று, அருகில் ஒரு ஸ்கேலோ பத்து ரூபாய் நாணயமோ வைத்து ஒன்று. கம்பியில் இருக்கும் துணியையும் அப்படியே எடுங்கள். பிறகு அதை வெட்டிக் கவரில் போட்டுத் தேதி எழுதிவையுங்கள், துவைக்கவேண்டாம். அரசு மருத்துவமனையில் காட்டி விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி ஏ.ஆர். காப்பி கேளுங்கள். பின்னால் எல்லாவற்றுக்கும் அதுதான் ஆதாரம். காவல் நிலையத்தில் மனு கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள். சட்டவிரோதமாக அடைத்துவைப்பது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 127-ஆம் பிரிவில் குற்றம். சாதாரணமாக ஓராண்டு வரை, மூன்று நாளோ அதற்கு மேலோ என்றால் மூன்றாண்டு வரை, பத்து நாளோ அதற்கு மேலோ என்றால் ஐந்தாண்டு வரை சிறை. முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. உயிருக்கு ஆபத்து என்றால் 112. இல்லத்தைப் பற்றிய புகார் மாவட்ட சமூக நல அலுவலருக்கும், திங்கள்கிழமைக் குறைதீர் நாளில் கலெக்டருக்கும் போகலாம். 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தில் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் இருக்கிறது. ஆனால் அது முக்கியமாகப் பராமரிப்புத் தொகைக்கும், ஏமாற்றி எழுதி வாங்கிய சொத்தைத் திரும்பப் பெறவும். கட்டிப்போட்டதற்கு அங்கே போய் நின்றால் நாள்தான் போகும். அவரை அங்கிருந்து நகர்த்துவதானால் புகார் கொடுப்பதற்கு முன்பே நகர்த்திவிடுங்கள், அல்லது அன்றிரவு சொந்தக்காரர் ஒருவர் கூடவே தங்கட்டும்.

அவிழ்த்த முதல் இரவு எளிதாக இருக்காது. பழக்கத்தில் கையைக் கம்பிப் பக்கமே நீட்டிக்கொண்டு படுப்பார்கள் சிலர். சிலர் ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து உட்கார்வார்கள். கட்டிலுக்குக் கீழே, அவர் கால் வைக்கும் பக்கத்திலேயே பாயைப் போட்டுப் படுங்கள், அவர் பாதம் உங்கள்மேல் பட்டதும் முழிப்பு வரும். தனியாக நடக்கவிடவேண்டாம், நின்று கால் ஊன்றுவதிலிருந்து தொடங்குங்கள். பகலில் ஐந்து தரம், தரத்துக்கு இரண்டு நிமிஷம். மணிக்கட்டுத் தோல் உரிந்திருந்தால் சோப்பு போடாமல் தண்ணீரில் கழுவி வாசலின் தடவலாம். சீழோ மரத்துப்போன விரலோ இருந்தால் டாக்டரிடம் போங்கள். குறிப்பேட்டைத் தொடருங்கள். இந்தத் தடவை ஒரு பத்தி கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள்: எத்தனை மணி நேரம் தொடர்ந்து தூங்கினார்.